ரெண்டாஞ் சூடு

ஒரு நாளைக்கு ஒம்பது கம்பு நிமித்துவேன். பத்தாவதுக்குக் கை வராது. தோள்பட்டையில இருந்து முழங்கை வரைக்கும் யாரோ உள்ள உக்காந்து கயிறு முறுக்குற மாதிரி இருக்கும். ராசிங்காபுரத்துல இருந்து வந்த என் சின்னம்மா மக ஒரு தடவை கேட்டா, "என்னக்கா இம்புட்டுச் சலிச்சுக்கிற, கம்புதானே நிமித்துற, மலையையா பேக்குற?"ன்னு. கையில ஒரு காப்பிக் கட்டையைக் குடுத்து, "இந்தா, நீயே நிமித்துடி"ன்னேன். ரெண்டு தரம் முக்கிப் பாத்தா. அப்புறம் மோர் இருக்கான்னு கேட்டுட்டு உக்காந்துட்டா.

போடியில எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு ஓலைச் சாய்ப்பு உண்டு. அதுக்குள்ளதான் எங்க சோலி. குரங்கணியில இருந்து மலைமேல அரிசி ஏத்தி, திரும்பி வரும்போது ஏலக்காய் மூட்டையைத் தலையில வச்சு இறக்குற ஆளுக ஏகப்பட்ட பேரு. வெறுங்காலு, வழுக்குப் பாறை, தலையில மூட்டை. அவுகளுக்கு ஊணுகம்பு இல்லாம ஆகாது. அந்தக் கம்பும் நேரா இருக்கணும். கோணக்கம்பை ஊணுனா, பாரம் ஏறுன உடனே கைக்குள்ள திரும்பிக்கிடும், முனை வழுக்கிரும், மனுசன் பள்ளத்துல கெடப்பான். சுமைக்காரங்களுக்குக் கங்காணியா இருந்தவரு எங்ககிட்டத்தான் மொத்தமா வாங்குவாரு.

மரம் எங்களுக்கு மலையில இருந்தே வந்துச்சு. தோட்டத்துல பழைய காப்பிச் செடியைத் தோண்டிப் போட்டுட்டு வேற நட்டாக. தோண்டுனதுல நல்ல தண்டாப் பாத்து என் தம்பி கொண்டாருவான். அவனும் சுமைக்காரன்தான். ஏலக்காய் மூட்டைக்கு மேல நாலு தண்டைக் கட்டி வச்சுக்கிட்டு இறங்குவான். காப்பி மரம் இருக்கே, இரும்பு. ஆனா ஒரு தண்டாச்சும் பிறக்கும்போதே நேராப் பிறந்திருக்குமா? கிடையாது. அதை ரெண்டு முனையிலயும் சாணி பூசி, பரண்ல நெழல்ல போட்டு மாசக்கணக்குல காய வைக்கணும். அவசரப்பட்டா வெடிச்சுப் போகும். காஞ்சப்புறம் தகரத் தொட்டியில ஆத்து மணலை ஈரமாக் கொட்டி, கீழ தீ வச்சு, அந்தக் கொதிக்கிற மணலுக்குள்ள கம்பைப் புதைக்கணும். கம்பு உள்ளுக்குள்ள வெந்து இளகிரும். வெளிய எடுத்து, பள்ளம் வெட்டுன பலகையில குடுத்து, கோணல் இருக்குற எடத்துல உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கணும். ஆறுறதுக்குள்ள அமுக்கணும். ஆறிப்போச்சுன்னா முடிஞ்சுது. நிமிந்ததை நேர்ப்பலகையோட சேத்துக் கட்டி ஆற விடணும். அம்பதுல வளையுமான்னு ஊருல எல்லாரும் எங்களைக் கேலி பண்ணுவாக. எனக்குப் பத்திக்கிட்டு வரும். வளையும்யா, வேக வச்சா எதுவும் வளையும், அமுக்குறவ தோளுதான் போகும்.

என் வீட்டுக்காரருக்குக் கையை விடக் கண்ணுதான் பெருசு. கம்பை மூக்குக்கு நேரா நீட்டிப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடி, ஒரே ஒரு தடவைதான் பாப்பாரு. "நடுவுக்குக் கீழ ஒரு சாண். வலது பக்கம்." அம்புட்டுத்தான். ஒரு தடவை தோட்டத்து துரை சீமையில இருந்து கொண்டாந்த கைத்தடிக்குப் பூண் போட ஆள் அனுப்பியிருந்தாரு. இவரு அதைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பாத்துட்டு, "இது கோணல்"னாரு. வந்தவன் சிரிச்சான். நூல் பிடிச்சுப் பாத்தா, நெல்லு மொனை அளவு வளைவு. அந்தக் கதையைப் பொட்டிபுரம் வரைக்கும் சொன்னாக.

அவருகிட்ட இன்னொரு வீம்பும் உண்டு. ஒரு கம்புக்கு ஒரு சூடுதான். ஒரு சூட்டுல நிமிரலைன்னா அடுத்த சூடு கிடையாது, கம்பு அடுப்புக்குப் போயிரும். "ரெண்டாஞ் சூடு போட்ட மரம் பாக்க நேரா இருக்கும், உள்ள செத்துப் போயிருக்கும்"பாரு. ஆறு மாசம் காய வச்ச கட்டையை அடுப்புல வைக்கிறப்ப எனக்கு வயிறெரியும். ஆனா அவரு எரிச்சுருவாரு.

ஒரு வருசம் மழைக்காலத்துல, மரம் பாத்துட்டு வர்றேன்னு மேல போனவரு மலைக்காய்ச்சலோட வந்தாரு. ரெண்டு மாசம் படுக்கை. நடுக்கம் வந்தா மூணு கம்பளி போட்டு நான் மேல படுத்து அமுக்கணும். தோட்டத்து ஆசுபத்திரியில இருந்து ஒரு கசப்பு மருந்து குடுத்து விட்டாக, காய்ச்சல் விட்டுப்போச்சு. ஆனா அதுக்கப்புறம் காதுக்குள்ள வண்டு கத்துதுன்னாரு. கண்ணுக்கு முன்னால புகையா இருக்குன்னாரு. மருந்துன்னு சிலர் சொன்னாக, காய்ச்சல் கண்ணுல இறங்கிருச்சுன்னு சிலர் சொன்னாக. எனக்கு என்ன தெரியும்? காது சரியாப்போச்சு. கண்ணைப் பத்தி அவரு மறுபடி பேசலை. நானும் கேக்கலை.

கையில பெலமில்லாததால, அமுக்குற சோலி எனக்கு வந்துச்சு. அவரு உக்காந்து கண்ணு பாப்பாரு. ஆறு மாசத்துல அவருக்குக் கை தேறிருச்சு. ஆனா உக்காந்த எடம் மாறலை. அவரு பாத்தாரு, நான் அமுக்குனேன்.

மொத நாள் நான் கண்டுபிடிச்சது இப்பவும் நெஞ்சுக்குள்ள இருக்கு. கம்பை அவருகிட்டக் குடுத்தேன். நீட்டிப் பிடிச்சாரு. ஒரு கண்ணை மூடுனாரு. "நேரா இருக்கு, கட்டு"ன்னாரு. நான் பலகையில வச்சுக் கட்டப்போனா, கம்புக்கும் பலகைக்கும் நடுவுல என் சுண்டுவிரல் போகுது. கேலி பண்றாரோன்னு முகத்தைப் பாத்தேன். அவரு அடுத்த கம்புக்குக் கையை நீட்டிக்கிட்டு இருந்தாரு.

அன்னைக்கே சொல்லியிருக்கணும். "ஏங்க, இது கோணல்"னு மூணு சொல்லு. வாய் வரலை. அந்த மனுசனுக்கு வேற என்ன இருந்துச்சு? நிலம் இல்ல, நீச்சு இல்ல. பிள்ளையும் தங்கலை. ஊரு அவரை அந்தக் கண்ணுக்காகத்தான் மதிச்சுச்சு, அவரும் தன்னை அதுக்காகத்தான் மதிச்சாரு. அதுவும் போச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? கோணலோட அனுப்புனா கங்காணி சொல்லிருவாரு. அடுப்புல வச்சா, நேரா இருந்த கம்பு எங்கேன்னு அவரே கேப்பாரு. அதனால ஒண்ணு பண்ணேன். அவரு தினமும் உச்சிவேளைக்கு ஆத்துக்குக் குளிக்கப் போவாரு. வழி காலுக்கே தெரியும். அவரு தெரு முக்குத் திரும்புனதும் நான் கட்டை அவுத்து, கோணலா இருக்குற கம்பை மறுபடி சூடு பண்ணி நிமித்துனேன். மணல் கொதிக்க வைக்க நேரம் ஏது? கம்பை அடுப்புக் கங்குலயே காட்டுனேன். கருகுன எடத்தைக் கண்ணாடித் துண்டால சுரண்டி, எண்ணெயைத் தேச்சு, அவரு வர்றதுக்குள்ள வெரசாக் கட்டி வச்சிருவேன்.

ரெண்டாஞ் சூடு. தெரியாமலா செஞ்சேன்? தெரிஞ்சுதான் செஞ்சேன். அவரு சொல்றதெல்லாம் வீம்புக்குச் சொல்றதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அமுக்கிப் பாத்தேன், ஒடியலை. அப்புறம் என்ன?

ஒரு வருசம் இப்படியே ஓடுச்சு. காலையில ஒரு தடவை நிமித்துன தோளு, உச்சிவெயில்ல மறுபடி நிமித்தும். சோத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனா கை கிடுகிடுன்னு ஆடும். "என்ன புள்ள, கை இப்படி ஆடுது?"ன்னு கேப்பாரு. அது மட்டும் தெரிஞ்சுது அவருக்கு. "வயசாகுதுல்ல"ம்பேன். வீட்டுல பேச்சும் குறைஞ்சு போச்சு. உள்ளதைச் சொன்னா நொள்ளைக்கண்ணனுக்கு நோப்பாளம், கோவம் பொத்துக்கிட்டு வரும்னு எங்க பக்கம் ஒரு பழமொழி உண்டு, பேச்சுவாக்குல எல்லாரும் சொல்றதுதான். அது வாய்ல வந்துருமோன்னு பயந்து பாதிப் பேச்சை முழுங்குவேன். பொய்யி ஒரு தடவைதான் சொல்றோம்னு நினைக்கிறோம். அது தினமும் சோறு கேக்கும்.

என் தம்பி பழைய கம்பு தேஞ்சு போச்சுன்னு ஒரு நாள் வந்தான். சாய்ப்புல சாத்தி வச்சிருந்ததுல அவனே ஒண்ணை எடுத்துக்கிட்டான். ஊணிப் பாத்தான், தரையில தட்டிப் பாத்தான். "மச்சான் கண்ணு பட்ட கம்பு, இதுக்கு மேல என்னத்தைப் பாக்க"ன்னான். அவரு முகம் மலர்ந்து போச்சு. "போ மாப்ளே, அந்தக் கம்பு உன்னையும் தூக்கும், உன் மூட்டையையும் தூக்கும்"னாரு. அது நான் கங்குல காட்டுன கம்பு. எனக்குத் தெரியும். வேற ஒண்ணை எடுத்துக்கன்னு சொல்ல வாயெடுத்தேன். எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? விட்டுட்டேன்.

ஐப்பசி மழையில, மேல இருந்து மூட்டையோட இறங்குனவன், ஒரு பாறை தாண்டுறப்ப முழுப் பாரத்தையும் கம்பு மேல போட்டிருக்கான். சடக்குன்னு ஒடிஞ்சு போச்சு. மூட்டை மேல விழ, அவன் கீழ விழ, ரெண்டு ஆள் ஒசரப் பள்ளம். கூட வந்த சுமைக்காரங்க கம்பளியில தூளி கட்டி, மறுநாள் காலையில எங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து இறக்குனாக. தொடை எலும்பு ரெண்டு எடத்துல போயிருந்துச்சு. அவன் கத்தக்கூட இல்ல. உதட்டைக் கடிச்சுக் கடிச்சு ரத்தமா இருந்துச்சு. எலும்பு கட்டுற வைத்தியரு வந்து மூங்கில் பத்தை வச்சுக் கட்டிட்டு, "உசுருக்குப் பயமில்ல, காலைப் பத்தி இப்பச் சொல்ல முடியாது"ன்னு போனாரு.

ஒடிஞ்ச கம்பையும் கூடவே கொண்டாந்திருந்தாக. என் வீட்டுக்காரரு அதைக் கேட்டு வாங்குனாரு. ஒடிஞ்ச வாயை விரலால தடவுனாரு. நல்ல காப்பிக் கம்பு ஒடிஞ்சா நார் நாராக் கிழியும். இது முள்ளங்கி மாதிரி மொட்டையா ஒடிஞ்சிருந்துச்சு. தடவித் தடவிப் பாத்தவரு, அப்படியே தலையில அடிச்சுக்கிட்டாரு. "பூச்சி அரிச்ச கட்டையை எடுத்துட்டேனே. பாவி, என் கண்ணுக்குத் தப்பிப்போச்சே." கட்டில் ஓரமாப் போய், என் தம்பி காலைப் பிடிச்சுக்கிட்டாரு. மூத்தவரு, இளையவன் காலை. "மாப்ளே, என்னை மன்னிச்சிருப்பா. உன் காலை நான்தான் ஒடிச்சேன்."

"மச்சான், விடுங்க, விடுங்க"ன்னு அவன் பதறுறான், எந்திரிக்க முடியலை. நான் வாசப்படியில நின்னுக்கிட்டு இருக்கேன். ஒரு நிமிசம், சத்தியமாச் சொல்றேன், ஒரே ஒரு நிமிசம், பேசாம இருந்துருவோமான்னு நினைச்சேன். பூச்சி அரிச்ச கட்டைன்னே இருக்கட்டும். அவருக்குக் கண்ணு இருக்குன்னே இருக்கட்டும். ஆனா அந்த மனுசன் அழுத அழுகை இருக்கே, அதைப் பாத்துக்கிட்டு நின்னா நான் பொம்பளையே இல்ல.

"எந்திரிங்க"ன்னேன். "பூச்சியும் இல்ல, புழுவும் இல்ல. அந்தக் கம்புக்கு ரெண்டாஞ் சூடு போட்டவ நான்."

அவரு திரும்புனாரு. "ரெண்டாஞ் சூடா? எதுக்கு?"

"கோணலா இருந்துச்சு."

"நான் பாத்துட்டுத்தானே கட்டச் சொன்னேன்?"

"நீங்க பாத்த கம்புல பல கம்பு கோணல்தான். ஒரு வருசமா."

என் தம்பி முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான். அவரு எந்திரிச்சு என் பக்கம் வந்தாரு. திட்டுவாரு, அடிப்பாருன்னு நின்னேன். அடிச்சிருந்தா ஆறியிருக்கும். தணிஞ்ச குரல்ல கேட்டாரு.

"கோணல்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடி? எனக்குக் கண்ணு போனா, நான் உக்காந்து அமுக்கியிருப்பேன். கை இருக்குல்ல. இவன் காலு போனா இவன் எதை வச்சுடி மலை ஏறுவான்?"

அவரு மனசு நோகக்கூடாதுன்னு செஞ்சேன்னு சொல்லலாம். சொன்னா என் தம்பி காலு வந்துருமா?

அப்புறம் அவரு கேட்டது, "எத்தனை கம்பு?"ன்னுதான். கங்காணிகிட்டப் போனதுல தேஞ்சு விறகாப் போனது போக, இன்னும் ஆளுக கையில இருக்குறது பதினாலுன்னு சொன்னேன். மறுநாளே கெளம்பிட்டாரு. தம்பியைப் பக்கத்து வீட்டு ஆத்தாகிட்ட ஒப்படைச்சுட்டு நானும் பின்னால போனேன். குரங்கணி வரைக்கும் என் கையைப் பிடிக்கலை. கல்லு தடுக்குது, முள்ளு கிழிக்குது, பிடிக்கலை. மூட்டை இறக்குற எடத்துல நாங்க போய் நின்னோம். இறங்குற ஆளு ஒவ்வொருத்தருகிட்டயும் கம்பைக் கேட்டேன். கருகுனதைச் சுரண்டுன எடம் கொஞ்சம் கறுத்திருக்கும், எனக்கு அடையாளம் தெரியும். ஆனா ஒருத்தராச்சும் லேசுல குடுத்தாகளா? "நல்லாத்தானேக்கா இருக்கு, எதுக்குப் பிடுங்குற?" "மச்சானுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" அவரு வாங்கி, பாறையில குறுக்கா வச்சு ஒரு மிதி மிதிப்பாரு. சடக். அதுக்கப்புறம் யாரும் கேள்வி கேக்கலை. ஏன் ஒடியுதுன்னு கேட்டவங்ககிட்ட, "எனக்குக் கண்ணு தெரியலப்பா, அதான்"னாரு. அத்தனை பேரு முன்னால. என்னைக் காட்டிக் குடுக்கலை. நாலு நாள் அங்கயே சத்திரத்துல கெடந்து, மேல தோட்டத்துக்குப் போயிருந்ததையும் சொல்லி அனுப்பி வாங்கி, பதினாலையும் ஒடிச்சோம்.

தை முடிஞ்சுதான் என் தம்பி கட்டில்ல இருந்து காலைக் கீழ வச்சான். காலு ரெண்டு விரக்கடை கட்டையாப் போயிருந்துச்சு. சுமை தூக்குற சோலி முடிஞ்சுதுன்னு அவனுக்கே தெரிஞ்சுபோச்சு. "மச்சான், எனக்கு ஊண ஒரு கம்பு குடுங்க"ன்னான். எங்ககிட்டயே கேட்டான், படுபாவிப் பய. வேற எங்கயாச்சும் வாங்கியிருக்கக் கூடாதா?

அன்னைக்கு அவரு பலகைக்குப் பக்கத்துல, நான் உக்காருற எடத்துல போய் உக்காந்தாரு. என்னை எதிர்ல உக்காரச் சொன்னாரு. பரண்ல இருந்ததுல நல்ல தண்டா ஒண்ணு எடுத்து மணல்ல புதைச்சு, இளகுனதும் எடுத்து அமுக்கி, என் கையில குடுத்தாரு.

"பாரு."

நீட்டிப் பிடிச்சேன். ஒரு கண்ணை மூடுனேன்.

"கோணல்"னேன். எத்தனை நாளா தொண்டையில நின்ன சொல்லு. சொல்லிட்டு அவரு முகத்தைப் பாக்க முடியலை.

"எங்க?"

"பிடியில இருந்து ரெண்டு சாண். இடது பக்கம்."

அமுக்குனாரு. "இப்ப?"

"இன்னும் கோணல்."

"விடுக்கா"ன்னான் தம்பி, கட்டில்ல இருந்து. "என் காலை விடவா கோணலா இருக்கு?"

"வாயை மூடுடா"ன்னேன். எனக்கு அழுகையா வந்துச்சு. கம்பு ஆறிக்கிட்டே இருக்கு. மறுபடி அமுக்குனாரு, பல்லைக் கடிச்சுக்கிட்டு. மறுபடி பாத்தேன். நெல்லு மொனைக்குக் கொஞ்சம் கூட இருக்கும். யாருக்குமே தெரியாது. "கோணல்"னேன். அவரு ஒண்ணும் சொல்லாம அதை அடுப்புல வச்சாரு. அடுத்த தண்டை எடுத்தாரு. அதுவும் அடுப்புக்குப் போச்சு. மூணாவது வந்துச்சு. நீட்டிப் பிடிச்சு, திருப்பித் திருப்பிப் பாத்தேன். எந்தப் பக்கம் திருப்புனாலும் நேரா இருந்துச்சு.

"நேரா இருக்கு"ன்னேன்.

அவரு கம்பை வாங்கலை. உள்ளங்கையை விரிச்சு என் முன்னால நீட்டுனாரு.

"சத்தியம் பண்ணு"ன்னாரு.

என் தம்பி பாத்துக்கிட்டு இருக்கான். அவரு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணேன். அதுக்கப்புறந்தான் வாங்கிக் கட்டுனாரு. அடுத்த நாள் கங்காணிக்குப் போட்ட கம்புக்கும் கையை நீட்டுனாரு. அதுக்கடுத்த கம்புக்கும் நீட்டுனாரு. அவரு இருந்த வரைக்கும் ஒரு கம்பு கூட நான் சத்தியம் பண்ணாம அந்த வீட்டை விட்டுப் போகலை.